வக்கீல் ஹீரோயின் படிக்காமலே கையெழுத்து போடுறாங்க, இது எழுதுறவங்க தப்பா நடிக்கிறவங்க தப்பா?

ரிமோட் என் கையில்

ரொம்ப நாளா பொறுத்துப் பாத்துட்டேன் இன்னைக்கு கொட்டியே ஆகணும். மத்தியானம் வர்ற அந்த சீரியல், பேரு வேணாம், பேரப் போட்டா ஃபேன் பேஜ் ஆளுங்க படையெடுத்து வந்துருவாங்க, பாக்குறவங்களுக்கு ரெண்டு வரியிலயே எதுன்னு புரிஞ்சிரும்.

ஹீரோயின் கேரக்டர அறிமுகப்படுத்தும்போது என்ன சொன்னாங்க? வக்கீல். முதல் வாரம் முழுக்க கோர்ட் சீன். எதிர்த்தரப்பு கொடுத்த பத்திரத்துல தேதியும் சாட்சி கையெழுத்தும் இடிக்குதுன்னு கண்டுபிடிச்சு கேஸ ஜெயிக்கிறாங்க, அதப் பாத்துத்தான் நான் உள்ளயே போனேன், அழுமூஞ்சி ஹீரோயின் இல்லாம ஒரு மூளை உள்ள ஹீரோயின்னு. அதே ஆளு போன வாரம் அத்தை நீட்டுன பத்திரத்துல "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை"ன்னு கையெழுத்து போடுறாங்க. அதுவும் அந்த அத்தை மேல இவங்களே போலீஸ்ல புகார் கொடுத்தது நடந்து அஞ்சாறு மாசம்கூட ஆகல. அந்தப் புகார் என்ன ஆச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, ஹீரோயினுக்கும் இல்ல, இன்ஸ்பெக்டருக்கும் இல்ல, எழுதுறவருக்கு சுத்தமா இல்ல.

மெதுவா போறது எனக்குப் பிரச்சினையே இல்லைங்க. ஒரு கதவத் திறக்க ஒரு எபிசோட் எடுத்துக்கட்டும், மூணு தடவ ஜூம் பண்ணட்டும், இடி இடிக்கட்டும், அதெல்லாம் சீரியலோட தாளம்னு ஏத்துக்கிட்டாச்சு. ஆனா அந்த ஆளுக்கு நேத்து தெரிஞ்ச விஷயம் இன்னைக்கு எப்படி தெரியாம போகும்? இந்த சீரியல்ல எல்லாருக்கும் ஞாபகமறதி, ஆனா உண்மையிலேயே ஆக்சிடென்ட் ஆகி ஞாபகமறதி வந்த அந்த மச்சினருக்கு மட்டும் எல்லாம் கரெக்டா ஞாபகம் இருக்கு.

நடிப்பு வேற. ஹீரோயின மாத்தினதுல இருந்து ஒரே மூஞ்சிதான். சோகம், அதிர்ச்சி, சந்தேகம் எல்லாத்துக்கும் கண்ண ரெண்டு சைஸ் பெருசாக்கி வாயத் திறந்து நிக்கிறாங்க. எதிர்ல பேசுறவங்கள பாக்குறதே இல்ல, அவங்க காதுக்குப் பின்னாடி எங்கயோ பாக்குறாங்க. பழைய ஹீரோயின் டயலாக் இல்லாமயே ஒரு சீன தூக்கிட்டு போவாங்க.

கேள்வி இதுதான். இது எழுதுறவங்க கைல கெடுதா, நடிக்கிறவங்க கைல கெடுதா? இல்ல ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, நடுவுல வேற யாராச்சும் கெடுக்குறாங்களா? உள்ள வேல பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

அத்தை ரசிகை

நடுவுல யாரும் கெடுக்கல, அந்த அத்தை கேரக்டர் ஒருத்தருதான் காப்பாத்திக்கிட்டு இருக்காரு. அந்தப் பத்திரத்த நீட்டும்போது அவங்க கையில ஒரு சின்ன நடுக்கம் கொடுத்தாங்க பாத்தீங்களா? ஹீரோயின் படிச்சுப் பாத்துருவாளோன்னு பயம் அது. எழுதுனவரு அந்த பயத்த எழுதியிருக்க வாய்ப்பே இல்ல, ஏன்னா அடுத்த சீன்லயே அத்தை செவுத்தப் பாத்து தன் திட்டம் முழுசையும் சத்தமா சொல்றாங்க, ஜன்னல் தொறந்து கெடக்கு, வெளிய வேலைக்காரப் பொண்ணு நிக்குது. இவ்ளோ புத்திசாலி வில்லி ஜன்னல சாத்த மாட்டாங்களா?

புது ஹீரோயின் பத்தி நீங்க சொன்னது கொஞ்சம் அநியாயம். அவங்க வந்த முதல் நாளே அழுற சீன். கீழ "இனி இவருக்கு பதில் இவர்"னு ஒரு வரி ஓடுச்சு, அவ்ளோதான், அடுத்த செகண்ட் வேற யாரோ அழுது வச்ச அழுகைய இவங்க மீதி அழணும். யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க.

முன்னாள் ஏடி

நான் ரெண்டு சீரியல்ல அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்தேன், நீங்க சொல்ற சீரியல் இல்ல, இப்ப அந்தப் பக்கமே இல்ல, அதனால தைரியமா சொல்றேன்.

முதல்ல அந்தக் காதுக்குப் பின்னாடி பாக்குற விஷயம். அங்க நான் நின்னுட்டு இருப்பேன். நான்னா என்ன மாதிரி ஒரு ஏடி. பிராம்ப்டிங்னு சொல்லுவோம். கேமராவுக்கு வெளிய நின்னு டயலாக்க ஒரு ஒரு துண்டா சத்தமா சொல்லுவோம், அவங்க அதக் கேட்டு திருப்பிச் சொல்லுவாங்க. நிறைய லீட் ஆர்ட்டிஸ்ட்டுங்க கன்னடம், மலையாளம், தெலுங்கு பேசுறவங்க, குரல் பின்னாடி டப்பிங்ல வேற ஒருத்தர் கொடுத்துருவாங்க, அதனால உதடு ஓரளவு அசைஞ்சா போதும்னு ஆயிடுது. இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் காது முழுக்க என் குரல் மேல இருக்கும்போது எதிர்ல அழுறவங்க பேசுறத எப்படி கேப்பாங்க? நடிப்புல பாதி கேக்குறதுதான். அது போச்சுன்னா மிச்சம் இருக்குறது கண்ண பெருசாக்குறது மட்டும்தான். தமிழ் தெரிஞ்சவங்களும் பிராம்ப்டிங்குக்கு பழகிட்டாங்க, ஏன்னா மனப்பாடம் பண்ண பேப்பர் முந்தின நாள் கைக்கு வராது.

பேப்பர் எப்ப வரும்னா, நான் இருந்த யூனிட்ல பல நாள் ஷூட்டிங் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வரும். ஆர்ட்டிஸ்ட் மேக்கப்ல உக்காந்திருப்பாங்க, டயலாக் ரைட்டர் போன்ல அனுப்பிக்கிட்டு இருப்பாரு. டைட்டில்ல கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர்னு தனித்தனியா பேர் பாத்திருப்பீங்க. இந்த மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசுனத நான் பாத்தது ரொம்பக் கம்மி. புதுசா ஒரு வசனகர்த்தா வந்தா அவரு பழைய எபிசோட் எல்லாத்தையும் உக்காந்து பாக்க முடியாது, ஆயிரம் எபிசோட யாரு பாப்பா? சேனல்ல இருந்து ஒரு கதைச் சுருக்கம் கொடுப்பாங்க. உங்க ஹீரோயின் வக்கீல்னு அதுல ஒரு வார்த்தை இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும்.

அடுத்து கால்ஷீட். ஒரு ஆர்ட்டிஸ்ட் மாசத்துல இத்தன நாள்தான்னு கொடுப்பாங்க, மத்த நாள் வேற சீரியல். அதனால "இந்த சீன்ல யாரு யாரு இருக்கணும்"னு கதை முடிவு பண்றது இல்ல, "இன்னைக்கு யாரு யாரு வந்திருக்காங்க"ங்கிறதுதான் முடிவு பண்ணுது. இன்ஸ்பெக்டருக்கும் அந்தப் புகார் ஞாபகம் இல்லன்னு சொன்னீங்கல்ல, அவருக்கு வேற எங்கயாச்சும் நல்ல ரோல் கிடைச்சிருக்கும். அவரு இல்லாம புகார எப்படி தொடர்றது? அப்படியே விட்ருவாங்க.

இன்னொண்ணு, ரியாக்‌ஷன் ஷாட். பெரிய குடும்ப சீன்ல பதினஞ்சு பேர் நிப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அந்தந்த டயலாக்குக்கு ரியாக்‌ஷன் எடுக்க நேரம் கிடையாது. வரிசையா நிக்க வச்சு லெஃப்ட் லுக், ரைட் லுக், ஷாக், கோவம்னு மொத்தமா எடுத்து வச்சுக்குவோம், எடிட்டர் தேவையான எடத்துல ஒட்டிக்குவாரு. அவங்க எதப் பாத்து ஷாக் ஆகுறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. டெலிகாஸ்ட்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க.

அரை மணி நேர ஸ்லாட்ல விளம்பரம் போக இருபத்தி ரெண்டு நிமிஷம் சொச்சம் கதை வேணும். அத வாரத்துல அஞ்சு இல்ல ஆறு நாள் கொடுக்கணும். கையில எபிசோட் பேங்க், அதாவது முன்கூட்டியே எடுத்து வச்ச எபிசோட், இருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம், நாங்க பேங்க்கே இல்லாம நாளைக்கு டெலிகாஸ்ட்டுக்கு இன்னைக்கு ஷூட் பண்ண காலமெல்லாம் உண்டு. மத்தியான ஸ்லாட்டுக்கு பட்ஜெட்டும் பிரைம் டைம் அளவுக்கு கிடையாது.

கடல் தாண்டி ஒரு பார்வையாளர்

ஏடி சார் சொன்னத படிச்சா அப்படியே அமெரிக்க சோப் மாதிரியே இருக்கு. இந்த வகையே அங்க ரேடியோல ஆரம்பிச்சதுதான், சோப்பு கம்பெனிங்க ஸ்பான்சர் பண்ணதால சோப் ஆபராவாச்சு. 'கைடிங் லைட்'னு ஒண்ணு 1937-ல ரேடியோல ஆரம்பிச்சு, 1952-ல டிவிக்கு வந்து, 2009 வரைக்கும் ஓடுச்சு. 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' 1963-ல இருந்து இன்னும் ஓடுது.

அங்க எழுத ஒரு ஒழுங்கு இருக்கு. ஹெட் ரைட்டர் நீண்டகாலக் கதைய போடுவாரு, அவருக்குக் கீழ ஒரு குழு ஒவ்வொரு நாளைக்கும் எந்த சீன், யாரு, எதுல முடியணும்னு பிரிச்சு எழுதும், அப்புறம்தான் வசனம் எழுதுறவங்க. இவ்ளோ இருந்தும் ரசிகர்களோட புலம்பல் உங்க புலம்பல்தான். ஹெட் ரைட்டர் மாறுனா பாதியில இருக்குற ட்ராக் செத்துப்போகும், பழைய விரோதிங்க திடீர்னு காதலிப்பாங்க, செத்தவங்க திரும்பி வருவாங்க. குழந்தைய மாடிக்கு விளையாட அனுப்பிட்டு கொஞ்ச நாள் கழிச்சு காலேஜ் படிக்கிற பையனா இறக்குவாங்க, அங்க இதுக்குன்னே ரசிகர்கள் ஒரு கிண்டல் பேரு வச்சிருக்காங்க. ஆள் மாத்துனா அங்கயும் ஒரு குரல் வந்து இனி இந்தப் பாத்திரத்துல நடிக்கிறது இவர்னு சொல்லும்.

2020 கொரோனா நேரத்துல 'த போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்' திரும்ப ஷூட்டிங் ஆரம்பிச்சப்ப நெருக்கமான சீனுக்கு பொம்மைய வச்சு எடுத்தாங்க, ஜவுளிக்கடையில நிக்குமே அந்த பொம்மை. சில பேர் பொம்மை நல்லா நடிச்சிருக்குன்னு எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குப் படுது. அங்க சில நடிகர்கள் ஒரே பாத்திரத்துல முப்பது நாப்பது வருஷம் இருக்காங்க. எழுதுறவர் மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க, "என் கேரக்டர் இப்படிப் பேச மாட்டா"ன்னு செட்லயே சொல்லுவாங்க. ஏடி சார், இங்க அப்படி சொல்ல முடியுமா?

சும்மா கேக்குறேன்

பிடிக்கலன்னா சேனல மாத்த வேண்டியதுதான? இதுக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சியா? மத்தியானம் வேலை பாத்துக்கிட்டே காதுல விழுற மாதிரி ஓட விடுறதுக்குத்தான் இந்த சீரியல். பாதிப் பேர் திரையவே பாக்குறதில்ல, கேக்குறாங்க. அதனாலதான் அத்தை திட்டத்த வாய்விட்டு சொல்றாங்க, அதனாலதான் ஒரே விஷயத்த நாலு பேர் நாலு தடவ பேசுறாங்க. ஒரு நாள் விட்டவங்களும் மறுநாள் புரிஞ்சுக்கணும்ல. அத குறைன்னு சொல்றது சரியில்ல.

ரிமோட் என் கையில்

சும்மா கேக்குறேன், நீங்க சொன்னதுல பாதி சரி. திரும்பத் திரும்பச் சொல்றத நான் குறை சொல்லவே இல்ல, மேல படிச்சுப் பாருங்க. காதால மட்டும் கேக்குறவங்களுக்குத்தான் இன்னும் எரிச்சல் வரும், ஏன்னா அவங்களுக்கு கையில இருக்குறது டயலாக் மட்டும்தான், அந்த டயலாக்தான முன்னுக்குப் பின் முரணா இருக்கு. போன மாசம் "உங்களப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும் அத்தை"ன்னு காதுல விழுந்துச்சு, இந்த மாசம் "உங்கள எங்க அம்மா மாதிரி நம்புறேன் அத்தை"ன்னு விழுது. நடுவுல மன்னிச்சாங்கன்னு ஒரு சீன் வச்சிருந்தாலும் வாய மூடிட்டு போயிருப்பேன், ஒரே ஒரு சீன்.

சேனல மாத்துறது எளிது. எங்க அம்மாவுக்கு அந்த சீரியல் வேணும், எனக்கு அம்மாகூட உக்காந்து திட்டிக்கிட்டே பாக்கணும்.

ஏடி அண்ணா, பிராம்ப்டிங் விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் இன்னைக்கு எபிசோட் பாத்தேன், எல்லா சீன்லயும் உங்களத்தான் தேடுறேன்.

பழைய ஆண்டெனா

சின்னவங்க எல்லாரும் இது காலங்காலமா இப்படித்தான்னு நினைச்சுக்கிறீங்க, அதான் வந்தேன். 'மெட்டி ஒலி' 2002-ல இருந்து 2005 வரைக்கும் ஓடுச்சு. ஒரு அப்பா, அஞ்சு பொண்ணுங்க. அஞ்சு பேருக்கும் அஞ்சு குணம், கடைசி வரைக்கும் ஒருத்தி குணம் இன்னொருத்திக்கு போகாது. கோவக்காரி கோவக்காரிதான், அவ பொறுத்துப் போனா ஏன் பொறுத்துப் போறான்னு நமக்குத் தெரியும். மாமியார் கொடுமையும் இருந்துச்சு, அழுகையும் இருந்துச்சு, மெதுவாவும்தான் போச்சு, ஆனா ஆள் மாறிப்போகல.

அது ராத்திரி சீரியல், காசு இருந்துச்சுன்னு ஏடி தம்பி சொல்லுவாரு. சரி. ஆனா ஒரு கேரக்டர் என்ன படிச்சிருக்குன்னு ஞாபகம் வச்சுக்க பட்ஜெட் எதுக்கு? ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

நீளமும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. மத்தியான சீரியல் 'சந்திரலேகா' 2014-ல ஆரம்பிச்சு 2022-ல முடிஞ்சுது, ரெண்டாயிரம் எபிசோடுக்கு மேல. அவ்ளோ தூரம் ஓட்டணும்னா முடிய வேண்டிய கதைக்கு மேலயும் கதை வேணும். முடிச்சு அவுந்துருச்சுன்னா சீரியல் முடிஞ்சுரும், அதனால அவுந்த முடிச்ச மறுபடி போடுறதுக்கு புத்திசாலிய முட்டாளாக்கித்தான் ஆகணும். உங்க வக்கீலம்மா பேப்பரப் படிச்சிருந்தா அத்தை கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அத்தை ரசிகை

ஆண்டெனா ஐயா சொன்ன கடைசி வரி ரொம்ப சரி, ஆனா வேற வழியே இல்லையா? படிச்சுப் பாக்கட்டும், தெரிஞ்சே போடட்டும். அத்தைய கையும் களவுமா பிடிக்க வேணும்னே போட்டாங்கன்னு வச்சா அதுல மூணு மாசக் கதை இருக்கு, அத்தைக்கும் தீனி, ஹீரோயினுக்கும் மரியாதை. இத யோசிக்க நான் ரைட்டரா இருக்கணுமா என்ன.

முன்னாள் ஏடி

அக்கா நீங்க சொன்ன ட்ராக் நல்ல ட்ராக், ஆனா அது எடுபட கொஞ்ச வாரம் ஆகும், அதுக்குள்ள ரேட்டிங் வந்துரும். நடுவுல யாரு கெடுக்குறதுன்னு முதல்ல ஒரு கேள்வி கேட்டாங்கல்ல, எனக்கு பதில் தெரிஞ்ச வரைக்கும் அது வியாழக்கிழமை. எந்த சீரியல எவ்ளோ பேர் பாக்குறாங்கன்னு அளக்குற பார்க் (BARC) அமைப்போட ரேட்டிங் அன்னைக்குத்தான் வரும். எண்ணு குறைஞ்சுதுன்னா அன்னைக்கு சாயந்தரம் மீட்டிங், அந்த மீட்டிங்ல ஒரு ட்ராக்கே காணாம போயிரும். எந்த எபிசோட்ல அழுகை இருந்துச்சோ அதுல எண்ணு ஏறியிருந்தா, காரணம் அழுகைதானான்னு யாரும் கேக்க மாட்டாங்க, அடுத்த வாரமும் அழ விடுங்கன்னு சொல்லுவாங்க. நான் பாத்த ரைட்டர்ங்க யாரும் முட்டாள் இல்ல. ஒருத்தர் ஆண்டெனா ஐயா சொன்ன மாதிரி நோட்டே வச்சிருந்தாரு, யாருக்கு யாரு என்ன சொன்னாங்க, யாருக்கு எந்த ரகசியம் தெரியும்னு கட்டம் போட்டு. ரெண்டு மீட்டிங்க்கு அப்புறம் அந்த நோட்ட செட்டுக்கு கொண்டுவரதையே விட்டுட்டாரு.

கடல் தாண்டி கேட்டதுக்கு. செட்ல எதிர்த்துச் சொல்றது ஆளப் பொறுத்தது. சீனியர் ஆர்ட்டிஸ்ட் சொன்னா டைரக்டர் கேப்பாரு, அங்கயே ஒரு வரிய மாத்துவோம். அந்த அத்தை கைநடுக்கம் எல்லாம் அப்படி அவங்களா சேத்ததாத்தான் இருக்கும். புதுசா வந்த ஹீரோயின் சொல்ல முடியாது, சொன்னா தொல்லைன்னு பேர் வந்துரும், அவங்களே ஏற்கனவே ஒருத்தருக்கு பதில் வந்தவங்க.

ரிமோட் என் கையில்

அப்ப நாங்க ப்ரோமோ கீழ போய் திட்டி எழுதுறத யாரும் படிக்கிறதே இல்லையா?

முன்னாள் ஏடி

படிக்கிறாங்க. ஆனா கமென்ட் நிறைய இருந்தா ப்ரோமோ நல்லா போகுதுன்னுதான் கணக்கு, திட்டா பாராட்டான்னு பிரிச்சுப் பாக்குற பொறுமை எல்லாருக்கும் இல்ல. டிவி ரேட்டிங்க்கு உங்க வீட்டுல மீட்டர் இருந்தாத்தான் கணக்கு. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீட்டுலதான் மீட்டர், எந்த வீடுன்னு வெளிய சொல்ல மாட்டாங்க, அந்த வீட்டுல யாரு பாக்குறாங்களோ அவங்கவங்க பட்டன அவங்க அமுக்கணும். உங்க வீட்டுல இல்லன்னா நீங்க பாத்தாலும் ஒண்ணு, பாக்காட்டியும் ஒண்ணு. ஆப்லயும் யூட்யூப்லயும் பாத்தா அது வேற, அங்க ஒவ்வொரு வியூவும் எண்ணிருவாங்க.

ரிமோட் என் கையில்

அப்படின்னா ஆப்ல திரும்பப் பாக்குறத இன்னையோட நிறுத்துறேன். மத்தியானம் டிவில அம்மாகூட மட்டும். அத்தை சீன் மட்டும் யாராச்சும் தனியா வெட்டிப் போட்டா லிங்க் கொடுங்க.

அத்தை ரசிகை

அதயும்தான் எண்ணுவாங்க.